குவைத் மாத்திரை

டாக்டர் மாலதி பிரஷர் பட்டையை ரஹ்மத் பீவியின் கையிலிருந்து உருவினார். திரும்பவும் அதே கையில் சுற்றிக் காற்றடித்தார். பக்கத்தில் நின்ற மகள் நஸீமா கருவியின் முள்ளையே பார்த்தாள். நல்ல சேதி சொல்லப்போகிறவர் எதற்கு இரண்டு தரம் பார்க்கிறார்?

"மாத்திரை ஒழுங்கா போடுறீங்களாம்மா?"

"ஒரு நாள் தவறுனதில்ல டாக்டரம்மா. மவன் குவைத்லேர்ந்து அனுப்புறான். ஒசத்தி மாத்திரை."

"ஒசத்தி மாத்திரை போடுறவங்களுக்கு ஏன் இவ்வளவு ஏறிக் கிடக்குது?"

ரஹ்மத் பீவி மகளைத் திரும்பிப் பார்த்தாள். வீட்டில் நிம்மதி இருந்தால்தானே என்று அந்தப் பார்வை டாக்டரிடம் கோள் சொன்னது. நஸீமா அதை வாங்கிக்கொண்டு சும்மா இருந்தாள். சும்மா இருப்பது அவளுக்குப் பழகிப்போன வேலை. கணவன் மவுத்தாகி, விதவையாய் உம்மாவின் பரங்கிப்பேட்டை வீட்டுக்கே வந்து சேர்ந்ததிலிருந்து வாய்க்குள் மடித்து வைத்த சொற்களை எடுத்து விரித்தால் ஒரு தெருவை மூடலாம்.

டாக்டர் மாலதி நாற்காலியை நஸீமாவின் பக்கம் திருப்பினார். "போன வருஷம் வாய் கோணிச்சே, அது சின்னதா வந்துட்டுப் போயிடிச்சு. இப்படியே ஏறிக்கிட்டு இருந்தா அடுத்தது சின்னதா வராது. படுக்கையில போட்டுடும். புரியுதா?"

"புரியுது டாக்டர். கவர்மெண்டு நடத்துற மலிவு மருந்துக் கடையில இதே மாத்திரை கிடைக்குது. அத வாங்கலாமா?"

"தாராளமா. எந்தக் கம்பெனியா இருந்தாலும் பரவாயில்ல. உள்ள இருக்கற மருந்து ஒண்ணுதான். தினமும் ஒண்ணு, வயித்துக்குள்ள போகணும். அவ்வளவுதான்."

வெளியே வந்து செருப்பை மாட்டும்போதே உம்மா ஆரம்பித்துவிட்டாள். "எதுவா இருந்தாலும் பரவாயில்லைன்னு சொல்றதுக்கு ஒரு டாக்டரா? துணிக்கடைக்காரன்கூட இது நல்லாருக்கும், அது சாயம் போவும்னு சொல்றான்."

நஸீமாவுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

போன வருஷம் உம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் அவள் அந்த மலிவுக் கடையில்தான் வாங்கினாள். வெள்ளை அட்டை, கறுப்பு எழுத்து, பளபளப்பு எதுவும் கிடையாது. உம்மா ஒரு மாத்திரை போட்டாள். சாயங்காலம் நெஞ்செரிச்சல் என்றாள். மறுநாள் கால் குடைச்சல். அதற்கு மறுநாள் கண் மங்கல். குவைத்தில் இருக்கும் தம்பி ரஃபீக்குக்குப் போன் போயிற்று. அடுத்த வாரமே, குவைத்திலிருந்து லீவில் வந்த ஒரு ஆளின் பெட்டியில் பச்சையும் வெள்ளியுமாய் மினுங்கும் அட்டைகள் வந்து இறங்கின. எரிச்சலும் குடைச்சலும் மங்கலும் அட்டையைக் கையில் வாங்கியதுமே போய்விட்டன. மலிவு மாத்திரைகள் குப்பைக்குப் போயின.

"லாத்தா, இனிமே உம்மாவுக்குக் கண்டதையும் வாங்காதே," என்றான் ரஃபீக் அன்றைக்குப் போனில். "அதுல ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

அவனைவிட ஐந்து வயது மூத்த அக்கா அவள். ஆஸ்பத்திரியில் உம்மாவின் கோணிய வாயில் கஞ்சியில் பஞ்சை நனைத்துப் பிழிந்து விட்டவள். அவளிடம்தான் கேட்டான், யார் பதில் சொல்வது என்று.

சிதம்பரத்திலிருந்து ஊர் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த உம்மாவின் பையைத் திறந்து நஸீமா அந்த அட்டையை எடுத்தாள். எத்தனையோ தரம் சொன்னதுதான். இன்னொரு தரம் சொன்னாள். "இந்தாங்க உம்மா, பாருங்க. பின்னால பொடி எழுத்துல போட்டிருக்கு. இது இந்தியாவுல செஞ்சது. இங்க செஞ்சு அங்க போயி, திரும்ப இங்க வருது."

"தெரியும்டி."

"தெரியுமா?"

"நல்லதை அங்க அனுப்பிட்டு, மிச்சத்தைத்தானே நமக்கு விப்பான். உன் வாப்பா எறா கம்பெனியில என்னா வேலை பாத்தாரு? பெருசெல்லாம் ஐஸ் பொட்டியில ஏறி கப்பலுக்குப் போவும். பொடிசும் தலையும் நம்ம ஊரு மார்க்கெட்டுக்கு. எறாவுக்கு ஒரு நியாயம், மாத்திரைக்கு ஒரு நியாயமா?"

முன் சீட்டில் இருந்தவர் ரசித்துத் திரும்பிப் பார்த்தார்.

வாப்பா இறாலைத் தரம் பிரிக்கும் மேசையில்தான் ஆயுசைக் கழித்தார். உள்ளங்கை நீளத்துக்கு இருந்த இறால்களை நாளெல்லாம் தொட்ட கை, வீட்டுக்குக் கொண்டுவந்தது சுண்டுவிரல் அளவுதான். பெரிய இறாலின் ருசியே தெரியாமல் அந்த ஊரில் ஒரு தலைமுறை வளர்ந்தது. நமக்கு வருவது கழித்துப்போட்டதாகத்தான் இருக்கும் என்று உம்மா நம்புவதற்கு அவள் அறுபது வருஷமாகப் பார்த்த உலகம் சாட்சி சொன்னது. முழுப் பொய்யென்றால் சண்டை போடலாம். ஒரு இடத்தில் உண்மையாக இருந்ததைக் கொண்டுவந்து வேறு இடத்தில் ஊன்றியிருக்கிறாளே, இதோடு எப்படிச் சண்டை போடுவது? பி.முட்லூர் வந்தபோது அட்டையைத் திரும்ப உம்மாவின் பைக்குள் போட்டாள்.

மறு வாரம், சிதம்பரம் மேலவீதியில் அவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒருவருக்கு பிரேம் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கடலூர் முதுநகரிலிருந்து உபைதுல்லா மாமா. உம்மாவின் தம்பி.

"நஸீமா, மாமி குளியலறையில வுழுந்துட்டாம்மா. ரத்தமா கெடக்குது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்துட்டோம். இங்க என்னென்னமோ கேக்குறாங்க. நீ கொஞ்சம் வாயேன்."

குடும்பத்தில் யார் விழுந்தாலும் அவளுக்குத்தான் போன் வரும். அவள் கடலூர் பஸ்ஸைப் பிடித்தாள். போய்ச் சேர்ந்தபோது சாய்ரா மாமியின் நெற்றியில் தையல் போட்டிருந்தார்கள். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. அவள் உதடுகள் வெளுத்திருந்தன. பக்கத்தில் நின்ற இளம் டாக்டர் கொஞ்சம் கோபமாகவே கேட்டார்.

"இவங்களுக்கு பிரஷர் உண்டா?"

"இல்லைங்க, தலைசுத்தல்தான்," என்றார் மாமா.

"பிரஷர் ரொம்பக் கீழ இருக்கு. என்ன மாத்திரை போடுறாங்க?"

மாமா சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்துப் பெருமையாகவே நீட்டினார். பச்சையும் வெள்ளியும். அரபு எழுத்து.

டாக்டர் கை நீட்டுமுன் நஸீமா அதை வாங்கிக்கொண்டாள். பார்த்துவிட்டு டாக்டரிடம் நீட்டினாள். "இது உங்களுக்கு எப்படி மாமா வந்துச்சு?"

"என்னா கேள்வி இது? உங்கும்மாதான் கொடுத்தா. பெருநாளைக்கு வந்திருந்தோம்ல. மாமி தலை சுத்துதுன்னு சொன்னா. எம் மவன் அனுப்புன குவைத் மாத்திரை, போட்டுப் பாருன்னு எடுத்துக் கொடுத்தா. சுத்துறப்பல்லாம் ஒண்ணு போட்டுக்கிட்டா."

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இது பிரஷரை இறக்குற மாத்திரைங்க. ஏற்கெனவே இறங்கித்தான் தலை சுத்தியிருக்கு. அதுக்கு இதைப் போட்டா இன்னும் இறங்கும், இன்னும் சுத்தும். அதுக்கு இன்னொண்ணு போட்டிருக்காங்க. யாரு எதைக் கொடுத்தாலும் முழுங்கிடுவீங்களா?"

சாய்ரா மாமி படுத்தபடியே முனகினாள். "இங்க விக்கிற கண்ட மாத்திரையின்னா நான் தொட்டிருப்பேனா டாக்டரே? இது வெளிநாட்டுது."

"வேற யாருக்காவது இதைக் கொடுத்திருக்காங்களா? இருந்தா உடனே நிறுத்தச் சொல்லுங்க."

டாக்டர் போன பிறகு மாமி நல்ல கையால் நஸீமாவின் விரலைப் பிடித்தாள். "ரஃபீக் தம்பிகிட்ட மட்டும் சொல்லிடாதே புள்ள. ஆசையா அனுப்புன பொருளு. மனசு கஷ்டப்படும்."

நஸீமா விரலை உருவிக்கொண்டாள். மண்டை உடைந்து கிடக்கிறவளுக்கு ரஃபீக்கின் மனசு. அவளுக்குள் ஏதோ ஒன்று அந்த இடத்தில் அறுந்தது. அறுந்த சத்தம் காதில் கேட்டதுபோலக்கூட இருந்தது.

வீட்டுக்கு வந்தவள் புர்காவைக்கூடக் கழற்றவில்லை. "பீரோ சாவியைக் கொடுங்க உம்மா."

"எதுக்கு?"

"மாமி விழுந்துட்டாங்க. உங்க மாத்திரையால. கொடுங்க."

ரஹ்மத் பீவியின் முகம் ஒரு கணம் வெளிறியது. இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கட்டிலின் மேல் வைத்தாள். உள்ளே, பெருநாள் சேலைகளுக்கும் காலி சென்ட் பாட்டில்களுக்கும் நடுவில், மாதக்கணக்கில் ஓடவேண்டிய மாத்திரைகளில் ஒரே ஒரு அட்டை மிச்சம் இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணம். கிண்ணத்தில் பாதி பாதியாக உடைத்த மாத்திரைகள்.

"இது என்னா?"

"அடுத்த ஆள் வர்ற வரைக்கும் ஓடணும்ல. ஒருநாள் விட்டு ஒருநாள் பாதி போடுறேன். ஒசத்தி மருந்துடி. பாதியே போதும். உன் கடை மாத்திரை நாலு போட்டாலும் இதுல பாதிக்கு வராது."

நஸீமா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் இரண்டு தரம் பட்டையைச் சுற்றியது இதற்குத்தான். தினம் காலையில், மாத்திரை போட்டாச்சா உம்மா என்று கேட்டதும், ஆச்சு என்று பதில் வந்தது இந்தப் பாதிகளை வைத்துத்தான்.

"யார் யாருக்குக் கொடுத்தீங்க?"

"அவன் அனுப்புறதை நான் மட்டும் விழுங்குனா நாலு பேரு என்னா பேசுவாங்க? சென்ட் வந்தா கொடுக்குறோம். பாதாம் வந்தா கொடுக்குறோம். தைலம் வந்தா கொடுக்குறோம். இதை மட்டும் ஒளிச்சு வச்சுக்கிட்டா ரஹ்மத்துக்குக் கை சுருங்கிப்போச்சும்பாங்க."

"மாத்திரை மிட்டாயா உம்மா? பாத்திஹா ஓதி தெருவுக்குப் பங்கு வைக்க?"

"கத்தாதே. ஒன்னால முடியாததை அவன் செய்யிறான்னு ஒனக்கு எரிச்சல்."

நஸீமா எழுந்தாள். இத்தனை வருஷமும் இந்த இடத்தில்தான் அவள் சமையலறைக்குள் போய் எதையாவது கழுவத் தொடங்குவாள். இன்றைக்கு வாசலுக்குப் போனாள். "யார் வீடுன்னு நீங்க சொல்ல வேணாம். பாதாம் போற வீடுதானே. எனக்குத் தெரியும்."

"ஏய், நஸீமா! கொடுத்ததைப் போயி திருப்பிக் கேக்கப் போறியா? நான் இந்தத் தெருவுல நடக்க வேணாமா?"

அவள் கேட்டாள். முதல் வீட்டில் ஒரு பெண் அட்டையைக் கொண்டுவந்து கையில் வைத்தாள், தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்பதுபோல விரல் நுனியால். அடுத்த வீட்டில் பொட்டலமே பிரிக்கப்படவில்லை. விருந்தாளிகள் கண்ணில் படும்படி ஷோகேஸில், மக்கா படத்துக்குக் கீழே இருந்தது. மூன்றாவது அப்துல் வதூது மாமாவின் வீடு. சிங்கப்பூரில் காலமெல்லாம் கடை வைத்திருந்துவிட்டுத் திரும்பியவர். அவர் கதவை முழுக்கத் திறக்கவில்லை.

"கொடுத்த பொருளைத் திருப்பிக் கேக்குற பழக்கம் உங்க வாப்பாகிட்ட இல்லையேம்மா."

"இது உங்களுக்கான மாத்திரை இல்ல மாமா. சாய்ரா மாமி இதப் போட்டு விழுந்து தையல் போட்டிருக்கு. உங்களுக்கு பிரஷர் இருக்குன்னு டாக்டர் சொன்னாரா?"

"வயசானா எல்லாருக்கும் இருக்குறதுதான். போட்டா ராத்திரி நல்லாத் தூக்கம் வருது."

"அது தூக்க மாத்திரை இல்ல."

"எனக்கே பாடமா? சிங்கப்பூர்ல நான் பாக்காத மருந்தா?" அவர் குரலைத் தாழ்த்தினார். அதுதான் அவளை அதிகமாகச் சுட்டது. "உங்கும்மா சொன்னப்ப நான் நம்பல. தம்பி அனுப்புற நல்ல மருந்த நிறுத்திட்டு, ரெண்டு காசு மிச்சம் பிடிக்கக் கவர்மெண்டு மாத்திரைய வாங்கிக் கொடுக்கப் பாக்குறான்னு சொல்லுச்சு. சரியாத்தான் இருக்குது."

நஸீமா அந்த அரைக்கதவின் முன்னால் நின்றாள். ஊருக்குள் அவளைப் பற்றி ஓடிக்கொண்டிருந்த கதை இதுதான். காசை அனுப்புகிறவன் மகன். பக்கத்தில் இருந்து மாத்திரை போட்டாச்சா என்று வாய் வலிக்கக் கேட்கிறவள் கஞ்சத்தனம் பிடித்தவள். மாத்திரைக்குள் என்ன இருக்கிறது என்று இங்கே யாருக்கும் அக்கறை இல்லை. யார் அனுப்பியது, எவ்வளவு தூரத்திலிருந்து வந்தது, யார் வீட்டு ஷோகேஸில் மினுங்குகிறது. மருந்து விலை குறைந்தால் அதைக் கொடுக்கிறவளின் பாசமும் விலை குறைந்துவிடும் போலிருக்கிறது.

"எடுத்துட்டு வாங்க மாமா," என்றாள். "இல்லேன்னா நான் இங்கயே நிப்பேன். அஸர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போறவங்க எல்லாரும் பாக்கட்டும்."

அவர் எடுத்து வந்தார். கையில் கொடுக்கவில்லை. படியில் வைத்தார். அவள் குனிந்து எடுத்துக்கொண்டாள்.

வீட்டுக்குள் நுழைந்தபோது உம்மா ஏற்கெனவே வீடியோ காலில் ரஃபீக்கிடம் அழுதுகொண்டிருந்தாள். போன் தலையணையில் சாய்ந்திருந்தது. ரஃபீக்கின் முகம் வேலை இடத்து வெளிச்சத்தில் வியர்த்திருந்தது.

"லாத்தா, என்னா இது? வீடு வீடாப் போயி அட்டையப் பொறுக்கிக்கிட்டு வர்றியாம்? எனக்கு எவ்வளவு அசிங்கம்!"

"உம்மா பாதி மாத்திரை போட்டுக்கிட்டு இருந்தாங்க ரஃபீக். ஒருநாள் விட்டு ஒருநாள். டாக்டர் அடுத்து படுக்கைதான்னு சொல்லிட்டாங்க."

"அப்ப நான் ஜாஸ்தியா அனுப்புறேன்."

"ஜாஸ்தியா அனுப்புனா ஜாஸ்தி வீட்டுக்குப் போவும். இனிமே அனுப்பாதே. நான் கடையில வாங்கிக்கிறேன்."

"அந்தச் சீப் மாத்திரையையா? லாத்தா, அதெல்லாம் வேணாம். நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

"ஒண்ணு ஆச்சு," என்றாள் நஸீமா. "சாய்ரா மாமி ஆஸ்பத்திரியில கெடக்காங்க. நீ அனுப்புன மாத்திரையாலதான்."

அவன் அதை அறிந்திருக்கவில்லை. உம்மா சொல்லாமல் விட்டிருந்தாள். நஸீமா ஒன்றையும் மிகைப்படுத்தாமல் சொன்னாள்: தையல், மாவுக்கட்டு, டாக்டர் கேட்ட கேள்வி. அவன் மாமியைப் பற்றிக் கேட்பான் என்று அவள் காத்திருந்தாள். உம்மாவின் பிரஷரைப் பற்றிக் கேட்டாலும் போதும் என்று காத்திருந்தாள்.

"ஆஸ்பத்திரியில எழுதிட்டாங்களா?" என்றான். "எம் பேரைச் சொன்னீங்களா?"

"என்னா?"

"இல்ல லாத்தா, மருந்து கொண்டாந்து கொடுத்ததுன்னு கேஸ் கீஸ் ஆயிடப் போவுது. கொண்டாந்தவனும் மாட்டுவான். எம் பேரு வெளிய வர வேணாம். உபைதுல்லா மாமாகிட்ட சொல்லிடு. நான் இனி எதுவும் அனுப்பல. நீ எதை வேணா வாங்கிக் கொடு. எம் பேரு மட்டும்..."

நஸீமா போனை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தாள். "ஒரு வருஷமா நான் கெஞ்சினேன். உம்மா உசுருக்கு நல்லதுன்னேன். அப்ப ஒத்துக்கல. இப்ப ஒத்துக்கறே. ஏன் தெரியுமா? ஒன்னுடைய பேருக்கு நல்லதுன்னு."

அவன் ஏதோ சொன்னான். அவள் போனை அணைத்துவிட்டாள்.

கட்டிலில் உம்மா அசையாமல் இருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்த விரல்கள் நின்றுபோயிருந்தன. நஸீமாவுக்கு அவளைக் கட்டிக்கொள்ளத் தோன்றியிருக்கலாம். தோன்றவில்லை. உடம்பெல்லாம் கொதித்துக்கொண்டிருந்தது. பொறுக்கி வந்த அட்டைகளிலிருந்து ஒவ்வொரு மாத்திரையாகப் பிதுக்கி, அதில் உம்மாவுக்கு உதவக்கூடியவை இருக்கின்றன என்று தெரிந்தும், சாக்கடையில் கொட்டித் தண்ணீர் ஊற்றினாள். ஒரு அட்டை மிச்சம் இருந்தால்கூட அது இன்னொரு ஷோகேஸுக்குப் போகும். மினுங்காத மாத்திரை வேண்டும். யாரும் ஆசைப்படாத, யாருக்கும் கொடுக்க முடியாத, கொடுத்தால் கௌரவக் குறைச்சலான மாத்திரை. அது மட்டும்தான் இந்த வீட்டில் தங்கும்.

அன்றைக்கே சிதம்பரத்துக்குத் திரும்பிப் போய் வாங்கி வந்தாள்.

காலையில் ஒரு வெள்ளை மாத்திரையும் தம்ளர் தண்ணீருமாக உம்மாவின் முன்னால் நின்றாள். ரஹ்மத் பீவி மாத்திரையைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள்.

"அவன் ஏதோ பயத்துல சொல்லிட்டான்," என்றாள். "அந்நிய ஊர்ல இருக்குற புள்ள. மனசுல ஒண்ணும் கெடையாது."

நஸீமா கையை நீட்டியபடியே நின்றாள். தெருவில் மீன்காரி குரல் கொடுத்துப் போனாள். பக்கத்து வீட்டில் குக்கர் விசிலடித்து அடங்கியது. கை வலித்தது. இறக்கவில்லை.

கடைசியில் உம்மா மாத்திரையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். தண்ணீர் குடித்தாள். தம்ளரைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரு கன்னம் மட்டும் லேசாக உப்பியிருந்ததுபோல் இருந்தது.

"வாயைத் திறங்க உம்மா," என்றாள் நஸீமா.

"என்னாடி இது, சின்னப் புள்ளைக்கு மாதிரி..."

"திறங்க."

ரஹ்மத் பீவி மகளை முறைத்தாள். கண்ணில் நீர் கட்டியது. தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. பிறகு வாயைத் திறந்தாள். நாக்கைத் தூக்கினாள். நஸீமா குனிந்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், அவசரமில்லாமல் பார்த்தாள்.